அடுத்தடுத்த ஊராட்சிகள் நிலப் பயன்பாட்டைச் சேர்ந்து திட்டமிட வழி உண்டா?

ஏரிக்கரையார் (சூளகிரி வட்டாரம்):
ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையிலுள்ள ஒரு கிராம ஊராட்சியில் சென்ற பதவிக்காலத்தில் வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்களுக்கு மேற்கேயுள்ள ஊராட்சியில் புன்செய் நிலங்கள் அடுத்தடுத்து மனைப்பிரிவுகளாகிவிட்டன. அனுமதி முறைப்படி இருக்கிறது. சாலைக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கட்டிய வடிகால்கள் எல்லைக் கல்லோடு நின்றுவிடுவதால், மழைக்காலத்தில் சாக்கடையும் வெள்ளமும் எங்கள் வயல்களில் இறங்கி, ஏரிகளை இணைக்கும் ராஜகால்வாய் வழியாக ஏரிக்கு வந்து சேர்கின்றன. கேட்டால், தங்கள் எல்லைக்குள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள்; அது பொய்யும் அல்ல. இரண்டு மூன்று ஊராட்சிகளும் மாநகராட்சியும் சேர்ந்து திட்டமிடச் சட்டத்தில் இடம் உண்டா?

முன்னாள் வரைவாளர் (தருமபுரி):
உண்டு. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தியது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான இடத் திட்டமிடல், நீர்ப் பகிர்வு, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே அக்குழு வரைவுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்று 243இசட்டி பிரிவு கூறுகிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், மாவட்டத்தின் ஊரக, நகர்ப்புற மக்கள்தொகை விகிதப்படி, உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிலிருந்தே வர வேண்டும். இது தவிர, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி பல உள்ளாட்சிகளை உள்ளடக்கிய மண்டலத் திட்டப் பகுதியை அரசு அறிவிக்கலாம். நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை உண்மையில் கட்டுப்படுத்துவது இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ் ஒப்புதல் பெறும் திட்டங்கள்தான். மாவட்டத் திட்டக் குழு சொல்வதை, இந்தச் சட்டத்தின் கீழ் திட்டம் தயாரிக்கும் திட்டக் குழுமம் கேட்டே ஆக வேண்டும் என்ற இறுக்கமான பிணைப்பு இல்லாததே பெரிய குறை என்பது என் கருத்து.

ஓசூர்வாசி:
ஏட்டில் இருப்பது சரி ஐயா. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டிலும் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரித் தொடக்கத்தில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாதபோது அந்த ஐந்தில் நான்கு பங்கை யாரைக் கொண்டு நிரப்புவது? மேலும், எங்கள் கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணையில் நுரை பொங்கி வருவது கர்நாடகப் பக்கத்துக் கழிவுநீரால். மாவட்டக் குழு எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும் மாநில எல்லைக்கு அப்பால் அதன் கை நீளாது.

பென்னாகரத்தார்:
எல்லைகளைக் கடந்து வேலை நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்ட அத்திட்டம் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்ற வேறுபாடின்றி ஒரே காவிரி நீரைக் கொண்டு செல்கிறது. ஆனால் அதைக் கட்டியது குடிநீர் வடிகால் வாரியம். ஊராட்சிகள் கூடிப் பேசி உருவாக்கவில்லை. குழாயை மேலிருந்து ஒரு வாரியம் போட்டுவிடலாம். எந்த வயல் மனையாகலாம், எந்த ஓடை ஓடையாகவே இருக்க வேண்டும் என்பதை அப்படித் தீர்மானித்தால் உள்ளூரில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

முன்னாள் வரைவாளர்:
ஓசூர்வாசி சொல்லும் தடை உண்மைதான். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கூடும் சபை உங்கள் பிரச்சினைக்கு மிகப் பொருத்தம். மூன்று ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கோரிக்கையை மட்டும் எழுதாமல், கிராம வரைபடங்களை ஒட்டி, ஏரிகளையும் அவற்றை இணைக்கும் கால்வாய்களையும் புல எண்களோடு குறித்து இணையுங்கள். ஊர் எல்லையில் வரைபடம் முடிந்துவிடுவதால்தான் கால்வாயும் அங்கே முடிவதாக அலுவலகத்தில் தோன்றுகிறது. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்திருக்கிறேன். அந்தச் சட்டப்படி நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகி ஆட்சேபங்கள் கேட்கப்படும்போது இதே ஆவணத்தை எழுத்து மூலம் அளித்தால், அதைப் பரிசீலிக்கும் கடமை திட்டக் குழுமத்துக்கு உண்டு.

ஏரிக்கரையார்:
மூன்று ஊர்களின் கிராம வரைபடங்களுக்கும் நாளை வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறேன். மேற்கு ஊராட்சியினரிடம் வடிகாலைப் பற்றிப் பேசாமல், அவர்களுக்கும் மேலேயுள்ள ஏரியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அந்த ஏரி நிரம்பி வழியும் கோடித் தண்ணீர் இப்போது அவர்களுடைய புதிய மனைகளுக்குள்தான் பாய்கிறது.