உந்தேரி தீவில் இறங்கப் படகு வேண்டும்

மும்பையில் கோட்டை சுற்றும் நண்பர்கள் யாராவது கைகொடுங்கள். அலிபாக் பக்கம் தள் கிராமத்துக்கு எதிரே கடலில் நிற்கும் உந்தேரிக்குப் போக வழி கிடைக்கவில்லை. 1680இல் சித்திகள் (இந்தக் கடற்கரையில் ஆண்ட ஆப்பிரிக்க வம்சாவளியினர்) பிடித்துக் கோட்டை கட்டிய தீவு. இப்போது ஆளே கிடையாது, இடிந்த மதிலும் துருப்பிடித்த பீரங்கிகளும்தான்.

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் படகு, அப்புறம் பஸ், ஆட்டோ. தள் வரை சிக்கல் இல்லை. அங்கே படகுக்காரர்கள் எல்லோரும் பக்கத்துத் தீவுக் கோட்டையான கந்தேரிக்கே கூப்பிடுகிறார்கள். அதில் படகுத்துறை, கலங்கரை விளக்கம் எல்லாம் உண்டு. 2025இல் நம் செஞ்சியோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. சரி, அதைப் பார்த்தாயிற்று. உந்தேரி என்றாலே "பாறை, படகு அடிபடும்" என்கிறார்கள். ஒருவர் மட்டும் துணிந்து வந்தார். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். அடிப்பலகை பாறையில் கரகரவென்று உரசியதும் பேச்சே இல்லாமல் திருப்பிவிட்டார். மலையேற்றக் குழுக்களைக் கேட்டால், ஆள் சேரட்டும் என்று இழுக்கிறார்கள்.

நாங்கள் நான்கு பேர், நீச்சல் தெரியும், மராத்தியும் சமாளிப்போம். டிசம்பரில் எந்த ஞாயிறானாலும் சரி.

கடல் ஏறியிருக்கும்போது உந்தேரியில் இறக்கி, வற்றுவதற்குள் திரும்ப ஏற்றிவரும் படகுக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?