சிசேரியன் தழும்பு இழுக்கிறது, உரசினால் கூசுகிறது. நீவி விடலாமா?

கேட்டவர்: தூங்காத அம்மா

வணக்கம். எனக்கு முதல் பிரசவம், சிசேரியன். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். வெளியிலிருந்து பார்த்தால் தையல் போட்ட இடம் நன்றாகவே ஆறியிருக்கிறது. ஆறாவது வாரம் காட்டியபோதே டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் கையை உயர்த்தி மேல் தட்டிலிருந்து எதையாவது எடுத்தால் தழும்பின் இடது ஓரத்தில் சுருக்கென்று இழுக்கிறது. படுக்கையில் புரண்டாலும் அதே இடம்தான். தழும்புக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு மரத்துப்போய்க் கிடக்கிறது. தழும்பின் மேலேயோ உள்ளாடை எலாஸ்டிக் உரசினாலே தாங்க முடியவில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களில் ஒன்று மரத்தும் இன்னொன்று கூசியும் இருப்பது எப்படி? தழும்பு உள்ளே இழுத்துப் பிடித்தது போலப் பள்ளமாக இருக்கிறது, அதன் மேல் சதை மடிந்து நிற்கிறது.

அந்த இடத்தை நான் இன்னும் கையால் தொட்டதில்லை. குளிக்கும்போது தண்ணீர் மட்டும் ஓடவிடுவேன். தொடலாம் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஒரு வீடியோவில் தழும்பை நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள், உள்ளே ஒட்டியிருப்பதெல்லாம் பிரிந்துவிடுமாம். உள்தையல் விட்டுப்போகாதா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: இரண்டு வாலுகளின் அம்மா

எனக்கும் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இப்படித்தான் இருந்தது. நான் போன பிசியோதெரபிஸ்ட் முதல் முறை தழும்பைத் தொடவே இல்லை. என் கையை எடுத்து என் தொப்புளுக்கு மேலே வைக்கச் சொன்னார், மூச்சு விடச் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் கீழே இறக்குங்கள் என்றார். "இதற்கா வந்தோம்" என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் தழும்பு வரைக்கும் கை போய்ச் சேர்ந்த நாளில் நன்றாக அழுதேன். அதற்கப்புறம் பயம் குறைந்துவிட்டது.

அழுத்தித் தேய்க்கிற வீடியோக்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கூச்சம் இருக்கும்போது அழுத்தினால் கூச்சம்தான் கூடும்.

பதில்: பெண்கள் நல பிசியோதெரபிஸ்ட்

பிரசவத்துக்குப் பிந்தைய வயிறும் இடுப்பும்தான் என் அன்றாட வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். ஐந்து மாதம் ஆகிவிட்டது, புண் இல்லை, மருத்துவரும் பார்த்துவிட்டார் என்றால் மென்மையாக நீவுவதால் உள்தையல் விடாது. ஆறிய தோல் மூன்று மாதத்துக்குள் பழைய பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடும். உள்ளே போட்ட தையல்களும் பெரும்பாலும் தானே கரைகிற நூல்தான், அதன் வேலையை இதற்குள் உங்கள் திசுவே எடுத்துக்கொண்டிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பு தழும்பின் மேல் கைவைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது அந்த பலம் வருவதற்காகத்தான்.

இனி அந்த இழுப்பு. இன்று பெரும்பாலும் போடப்படும் குறுக்கு வெட்டை 1900இல் ஜெர்மன் மருத்துவர் ஃபானன்ஸ்டீல் விவரித்தார். வெளியே ஒரே கோடாகத் தெரிந்தாலும் தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் உறுதியான உறை, வயிற்றின் உள்சவ்வு, கருப்பை என்று ஒவ்வொரு அடுக்காகத் திறந்துதான் குழந்தையை எடுக்கிறார்கள். நடுவிலுள்ள நேர்த்தசைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை, இரு பக்கமும் விலக்குகிறார்கள். இந்த அடுக்குகள் இயல்பாக ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். ஆறும்போது உருவாகும் புதிய நார்கள் அடுக்கு பார்த்து வளர்வதில்லை, அகப்பட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. பல மடிப்புத் துணியை ஓர் ஊக்கால் குத்தியது போலத்தான்: துணியை எந்தப் பக்கம் இழுத்தாலும் சுருக்கு அந்த ஓர் இடத்தில் விழும். நீங்கள் கையைத் தூக்கும்போது வயிற்றின் முன்பக்கம் முழுவதும் நீள வேண்டும். இடது ஓரம் நீளாததால் அங்கே சுருக்கென்கிறது.

மரத்துப்போவதும் கூசுவதும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். தோலோடு சின்னச் சின்ன நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அவை திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும். இன்னும் வந்து சேராத இடம் மரத்திருக்கிறது. புதிதாக வந்து சேர்ந்த இடமோ லேசான உரசலையும் வலியாக மூளைக்குச் சொல்கிறது. மரத்த பகுதி பொதுவாகக் காலப்போக்கில் சுருங்கும். சிலருக்கு ஒரு சிறு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கலாம், அதனால் ஆபத்து ஏதும் இல்லை.

அதனால் முதலில் கூச்சத்தைக் கவனியுங்கள், இழுப்பு அப்புறம். ஒரு பஞ்சால் தழும்பைச் சுற்றி மெதுவாக வருடுங்கள். அது பழகியதும் மெல்லிய பருத்தித் துணி, பிறகு துவாலை. ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் போதும், ஒரு நாளில் சில முறை செய்யலாம். வருடும்போது அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கண் பார்க்கும் தொடுதலை உடல் சீக்கிரம் ஏற்றுக்கொள்வதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். எலாஸ்டிக் உரசுவது தொல்லையாக இல்லாத நிலை வந்ததும் நீவலைத் தொடங்குங்கள்.

சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுங்கள், முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. நகம் வெட்டி, கை கழுவியிருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எண்ணெய் வேண்டாம், விரல் தோலின் மேல் வழுக்கிப் போனால் அடியிலுள்ள அடுக்கு அசையாது. எண்ணெயோ களிம்போ பூச ஆசை என்றால் நீவி முடித்தபின் பூசுங்கள்.

மூன்று விரல்களைத் தட்டையாகத் தழும்புக்கு இரண்டு விரல் மேலே வையுங்கள். தோலைத் தேய்க்காமல் தோலோடு சேர்த்து விரலை மேலே நகர்த்துங்கள். பிறகு கீழே, இடம், வலம், கடைசியாக ஒரு சின்ன வட்டம். ஏதாவது ஒரு திசையில் தோல் சட்டென்று நின்றுவிடும். பக்கத்தில் தாராளமாக நகர்ந்த அதே தோல் அங்கே கட்டிப்போட்டது போல் நிற்பது விரலுக்கே தெரியும். உங்களுக்கு அநேகமாக இடது ஓரத்திலிருந்து மேல்நோக்கிப் போகும்போது அப்படி நிற்கும். அதைத் தாண்டித் தள்ளாதீர்கள். நிற்கிற அந்த எல்லையிலேயே விரலை வைத்துக்கொண்டு முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை மெதுவாக மூச்சு விடுங்கள். சில சமயம் விரலுக்கடியில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், சில நாள் கொடுக்காது. இரண்டுமே சரிதான், அடுத்த இடத்துக்குப் போங்கள்.

தழும்பின் மேலும் கீழும் பழகியபின் தழும்பின் மேலேயே இதைச் செய்யுங்கள். அதுவும் பழகியபின்தான் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே தழும்பைப் பிடித்து மெல்லத் தூக்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரை உருட்டுவது. பள்ளமாக இருக்கும் தழும்புக்கு இதுதான் நல்லது. ஆரம்பத்தில் பிடிக்கே வராது, வற்புறுத்த வேண்டாம்.

நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். நீட்டி இழுக்கும் உணர்வு இருக்கலாம், பத்துக்கு மூன்று அளவு அசௌகரியமும் இருக்கலாம். எரிச்சலோ குத்தலோ வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். லேசாகச் சிவந்து கொஞ்ச நேரத்தில் தணிந்தால் பரவாயில்லை. மறுநாளும் வலித்தால் நீங்கள் கொடுத்த அழுத்தம் அதிகம்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சிசேரியன் தழும்பு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சையை ஆராய்ந்தவை சிறிய ஆய்வுகள். வலி குறைவதையும் தொடுவதைத் தாங்கும் திறன் கூடுவதையும் அவை காட்டுகின்றன. ஆனால் கருப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஆழத்தில் உண்டான ஒட்டல்களை வெளியிலிருந்து கையால் பிரித்துவிடலாம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த வீடியோ சொல்வதை நம்பி அழுத்தாதீர்கள். மேலே மடியும் சதையும் நீவலால் மட்டும் போகாது. தழும்பு இளகினால் பள்ளம் குறையலாம், மற்றபடி அதில் கொழுப்புக்கும் தசைத் தளர்வுக்கும் பங்கு உண்டு.

தழும்பு தடித்துச் சிவந்திருந்தால் சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் பட்டை உதவும். பட்டையை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். வெட்டின் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவி வளர்ந்தால் அது கீலாய்டு. அதை நீங்களாக நீவ வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னும் சில நிலைகளில் நீவலை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல், சீழ், திறந்த புண், சூடாகச் சிவந்த தோல் இருந்தால் கட்டாயம். இருமும்போதோ எழுந்து நிற்கும்போதோ தழும்பருகே புடைத்துக்கொண்டு வந்தால் குடலிறக்கமா என்று பார்க்க வேண்டும். தழும்புக்குள் ஒரு கட்டி இருந்து மாதவிடாய் சமயத்தில் அது வீங்கி வலித்தால், கருப்பையின் உள்வரித் திசு போன்ற திசு அங்கே வளர்ந்திருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸ் என்பார்கள். இது பல வருடம் கழித்தும் தலைகாட்டும். எத்தனை நீவினாலும் போகாது.

உங்கள் வலி ஓரத்தில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். அது தொடை இடுக்குக்கோ பிறப்புறுப்பின் வெளிப்புறத்துக்கோ எரிச்சலாகப் பாய்கிறதா? இலியோஹைப்போகாஸ்ட்ரிக், இலியோஇங்குவினல் என்ற இரண்டு நரம்புகள் வெட்டின் ஓரங்களுக்கு அருகில்தான் போகின்றன. அவற்றில் ஒன்று தழும்பில் சிக்கியிருந்தால் அதற்கு வேறு சிகிச்சை உண்டு, மரப்பு ஊசி போட்டுக் கண்டுபிடிக்கவும் முடியும்.

கேட்டவர்: தூங்காத அம்மா

அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. பாய்கிற வலி இல்லை, அந்த ஓர் இடத்தில்தான் சுருக்கென்கிறது. நேற்று இரவு குழந்தை தூங்கியபின் குழந்தையின் பழைய மஸ்லின் துணியால் ஓரமாக வருடிப் பார்த்தேன். கூசியது, ஆனாலும் செய்ய முடிந்தது. தழும்பு நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது.

இன்னொரு சந்தேகம். நீவுவதால் உள்ளே கருப்பைத் தழும்பு பலவீனமாகுமா? அடுத்த குழந்தையை நினைத்துக் கேட்கிறேன்.

பதில்: பேத்தி எடுத்தவள்

நடுவில் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் டாக்டரம்மா. எனக்குச் சிசேரியன் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நெடுக்கு வெட்டு. நிமிர்ந்தால் இன்னும் இழுக்கும். எங்கள் காலத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசினதே இல்லை. இனிமேல் நீவிப் பிரயோசனம் உண்டா?

பதில்: பெண்கள் நல பிசியோதெரபிஸ்ட்

தூங்காத அம்மாவுக்கு: பலவீனமாகாது. நான் சொன்ன அழுத்தத்தில் நகர்வது தோலும் அதற்கடுத்த அடுக்குகளும்தான். கருப்பைத் தழும்புக்குத் தேவை காலம். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்து கருத்தரிக்கக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விடுவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் அறுவை சிகிச்சைக் குறிப்பில் கருப்பையில் எந்த வகை வெட்டு என்று எழுதியிருக்கும். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த பிரசவத்தை எப்படிப் பார்ப்பது என்று முடிவு செய்ய அது கட்டாயம் தேவைப்படும். கருத்தரித்துவிட்டால் தழும்பு நீவலை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடர வேண்டாம். மஸ்லின் துணி நல்ல யோசனை, அதையே தொடருங்கள்.

அம்மா, உங்களுக்கு: நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பிரயோசனம் உண்டு. தழும்பு முதல் ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும், மாறிக்கொண்டே இருக்கும், அந்தக் காலத்தில் வேகமாக இளகும். பழைய தழும்பு மெதுவாக இளகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இத்தனை வருடமாக உள்ள இழுப்பு என்பதால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, குடலிறக்கமோ வேறு கட்டியோ இல்லை என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். உங்களுடையது நெடுக்கு வெட்டு, அதனால் தொப்புளுக்குக் கீழே இரு பக்கமும் விரல்களை வைத்து, முதலில் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்று இங்கே வந்து எழுதுங்கள், அங்கிருந்து மேலே பார்ப்போம்.