2 மி.மீ. பர்லினை நம்பி வணிகக் கட்டடமா?

தூண்மணி:
வணிகக் கட்டடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பி.இ.பி. (பிரீ-இன்ஜினியர்டு பில்டிங், அதாவது முன்தயாரிப்பு இரும்புக் கட்டடம்) போடுங்கள், பழைய முறை இரும்புக் கட்டுமானம் வெறும் எடை விரயம் என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தக் கூரைத் தகட்டைத் தாங்குவது இசட் வடிவில் மடித்த, 2 மி.மீ. தடிமனே உள்ள பர்லின் என்னும் குறுக்குச் சட்டம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

சட்டகன்:
அந்த ஒருவர் நான்தான். தூணும் ராஃப்டரும் (கூரையின் சாய்வு உத்தரமும்) சேரும் இடத்தில் பெண்டிங் மொமென்ட் (சுமையால் வரும் வளைப்புத் தாக்கம்) அதிகம் என்பதால் அங்கே ஆழத்தைக் கூட்டி, குறையும் இடத்தில் குறைத்துத் தகட்டை வெட்டிச் செய்வதுதான் பி.இ.பி. சட்டகம். உங்கள் பீமோ நுனி முதல் நுனி வரை ஒரே ஆழம். இதை விரயம் என்னாமல் வேறு எப்படி அழைப்பது?

தூண்மணி:
ராஃப்டரைப் பற்றி நான் கேட்கவே இல்லை, 2 மி.மீ. பர்லினைப் பற்றிக் கேட்டேன். அதன் கீழ் உதட்டில் கிளாம்ப் மாட்டி ஏசி டக்ட்டைத் தொங்கவிட்டார்கள், பர்லின் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றதை ஏணியில் ஏறிப் பார்த்தவன் நான்.

வரைபலகை:
முன்தயாரிப்பு என்று எதைச் சொல்கிறோம்? வழக்கமான சட்டகமும் பட்டறையில் வெட்டித் துளையிட்டுத்தானே வருகிறது?

சட்டகன்:
தொங்கும் சுமையை முதலிலேயே எழுதிக் கொடுத்தால் அதற்கேற்ற பர்லின் வரும். கொடுக்காதது வாங்கியவர் பிழை. துரு பற்றிய சென்ற விவாதத்திலும் ஐயா இப்படித்தான் பாதி தெரிந்துகொண்டு முழுதாகப் பேசினார்.

தூண்மணி:
அந்த விவாதத்தில், அறுத்த விளிம்பில் துத்தநாகப் பூச்சு எங்கே என்று கேட்டதும் காணாமல் போனவர் யார் என்பதை எல்லாரும் அறிவார்கள். வாடகைக்கு வருபவர் மாறிக்கொண்டே இருக்கும் கட்டடத்தில், அடுத்தவர் எதைத் தொங்கவிடுவார் என்று எந்த ஜோசியர் எழுதிக் கொடுப்பார்? ஆலையில் நிலையான அளவுகளில் உருட்டி வரும் பீமை அட்டவணையில் பார்த்து எந்தப் பொறியாளரும் கணக்கிட்டு வலுவூட்டலாம். உங்களுடையதோ ஓர் ஆளுக்கு அளந்து தைத்த சட்டை, தைத்தவரின் கணக்குத்தாள் இல்லாமல் யாரும் கை வைக்கத் துணிய மாட்டார்.

நட்டுபோல்ட்:
தளத்தில் வெல்டிங் அநேகமாக இல்லை, போல்ட் முடுக்கினால் சட்டகம் எழுந்துவிடும் என்பதை இருவருமே மறந்துவிட்டீர்களே!

தூண்மணி:
அடித்தளக் கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட் சற்றே விலகி நின்றதற்காக, தூணின் அடியில் உள்ள பேஸ் பிளேட்டின் துளையை கேஸ் கட்டரால் பெரிதாக்கிய உங்கள் வேகத்தையும் பார்த்திருக்கிறேன். கேள்வி இன்னும் 2 மி.மீ.தான்.

சட்டகன்:
ஆங்கர் போல்ட் உங்கள் முறையில் இல்லையா? 2.5 மி.மீ. பர்லினும் கிடைக்கிறது, வேண்டுமானால் போடுங்கள்.

தூண்மணி:
ஆக, 2 மி.மீ. போதாது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

சட்டகன்:
அப்படி நான் எழுதவே இல்லை. மேலே போய் மறுபடி படியுங்கள்.