உதவி: ஊதா லைட் காற்று மெசின் போட்டால் மின்னல் மணம் வருகிறது

கல்லடிக்காரன்:
வாவிக்கரையில் வீடு. மாரி தொடங்கினால் அம்மாவுக்கு முட்டு (மூச்சிழுப்பு) கூடிவிடும். கட்டாரிலிருந்து வந்த மச்சான் ஒரு மெசின் தந்தார். உள்ளே ஊதா லைட், முன்னால் டைட்டானியம் டையொக்சைட் பூசிய வெள்ளை வலை. மூன்று கிழமையாக ஓடியும் பூஞ்சண மணம் போகவில்லை. அதோடு இடி மின்னலுக்குப் பிறகு வருமே, அப்படியொரு கூரான மணம். அம்மாவுக்குத் தொண்டை கரகரக்கிறது. மெசின் பழுதா?

காத்தான்குடி வயர்மேன்:
தம்பி, முதலில் அம்மாவின் அறையில் அதை நிற்பாட்டுங்கள். அந்த மணம் ஓசோன், முட்டுக்காரருக்கு ஆகவே ஆகாது. பிளக்கை உருவிவிட்டு லைட்டில் ஒளியின் அலைநீளம் என்ன எண் என்று பாருங்கள். 240 நானோமீட்டருக்குக் கீழே போகும் ஒளிதான் ஒட்சிசனை உடைத்து ஓசோன் ஆக்கும். 185 உமிழும் பாதரச லைட்டுகள் இருக்கின்றன. 365 என்றால் லைட்டில் குற்றமில்லை. அயன் (காற்றுக்கு மின்னேற்றுவது) என்று தனிப் பொத்தான் இருக்கிறதா? அதுவும் ஓசோன் விடும்.

கல்லடிக்காரன்:
நானா, 365தான். அயன் பொத்தான் மூன்று கிழமையாக எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது! மச்சான் கண்டதையெல்லாம் அமத்திவிட்டுப் போயிருக்கிறார். அதை அணைத்து விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டேன், மின்னல் மணம் இல்லை. வலையை வெள்ளைத் துணியால் ஒற்றினால் தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறம் ஒட்டுகிறது.

களுவாஞ்சிகுடி டீச்சர்:
நுளம்புச்சுருள் கொளுத்துகிறீர்கள், சரிதானே? அந்தப் புகைப் படிவுதான். 387 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி பட்டால்தான் அந்தப் பூச்சு வேலை செய்யும். (1972இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புஜிஷிமாவும் ஹொண்டாவும் இதே பொருளில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினார்கள்.) ஒளி பட்டதும் மேலே ஒட்டியிருக்கும் ஈரத்திலிருந்து ஹைட்ரொக்சில் என்ற, எதையும் வேகமாகத் தாக்கும் துணிக்கை உருவாகி, வலையில் தொடுகிற மணத்தை எரிக்கும். வலையில் தொடாததை ஒன்றும் செய்யாது. ஈரம் கொஞ்சம் வேண்டும், நம் மாரி ஈரமோ அளவுக்கு மிஞ்சியது. வலையில் மணம் ஒட்டவேண்டிய இடத்தை நீரே பிடித்துக்கொள்ளும். அரைகுறையாக எரிந்தால் போமல்டிகைட் என்ற, கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் வாயு மிஞ்சும், அது இன்னொரு தொல்லை. புகைக்கும் தூசுக்கும் ஹெப்பா பில்டர்தான், 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். பூஞ்சணமோ சுவரில் இருக்கிறது தம்பி, காற்றில் தேடாதீர்கள். அலுமாரியை இழுத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்றான்:
வலைக்குக் கிட்ட சிலிக்கன் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். கதவுப் பிணைச்சல் கத்துகிறது என்று நான் அடித்தேன். அது வலையில் போய் எரிந்து மணல் மாதிரிப் படிந்து பூச்சை மூடி, மணம் அதைத் தொடவே முடியாமல் போனது. இப்போது என்னிடம் இருப்பது விலை கூடிய மின்விசிறி.

கல்லடிக்காரன்:
அக்கா, இழுத்துப் பார்த்தேன். பின்பலகையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை, சுவரில் மேலிருந்து கீழே ஒரு ஈரக் கோடு. கூரைப் பீலி வெடித்திருக்கிறது. நாளைக்கு மேசன் வருகிறார். வலையை மெதுவாகக் கழுவி வெயிலில் வைத்தேன். அம்மா சுருளை விடமாட்டாராம், "நுளம்பு கடிச்சா உன்ர மெசின் வந்து தட்டுமா?" என்கிறார். நேற்று நுளம்புவலை வாங்கிக் கட்டினேன். உள்ளே படுத்துக்கொண்டு, அறைக்கு வெளியே சுருள் வைக்கச் சொல்கிறார்.

காத்தான்குடி வயர்மேன்:
வைக்கட்டும் தம்பி, கதவைச் சாத்திவிடுங்கள்.