முழங்கால் இம்ப்ளான்ட் பழுது: நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு வயது 66. தனியார் மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்றி இரண்டரை வருடம் ஆகிறது, செலவு 2.4 லட்சம். போன மாத எக்ஸ்ரேயில் இம்ப்ளான்ட் தளர்ந்திருப்பது தெரிந்தது. அடுத்த மாதம் ரிவிஷன் ஆபரேஷன் (பழைய இம்ப்ளான்டைக் கழற்றி வேறு பொருத்துவது). பொருளிலேயே கோளாறு என்றால் யார் மீது, எங்கே வழக்குப் போடுவது?

பதில் 1:
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பிரிவு 82 முதல் 87 வரை இதற்குத்தான். உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது என ஏதாவது ஒன்றை நிரூபித்தால் உற்பத்தியாளர் பொறுப்பு. வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதியாளரையும் எதிர்தரப்பில் சேருங்கள். உற்பத்தியாளருக்கு இங்கே நோட்டீஸைச் சட்டப்படி சேர்ப்பிக்க முடியாதபோது பிரிவு 86 விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. இறக்குமதி செய்தவரும் அந்த வரையறைக்குள் வருவார். மருத்துவமனையை விட்டுவிடாதீர்கள். நிறுவனம் சர்ஜனைக் கை காட்டும்போது மருத்துவமனைத் தரப்பும் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருக்க வேண்டும்.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய தொகையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை. அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

காலக்கெடு 2 வருடம். ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணி, கெடு முடிந்துவிட்டது என்று எதிர்தரப்பு சொல்லும். பழுது தெரியவந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வாதிட எக்ஸ்ரே தேதி உதவும். இருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடுங்கள்.

பதில் 2:
வழக்கைவிட ரிவிஷன்தான் அவசரம். கழற்றிய பாகங்கள் மருத்துவக் கழிவோடு போய்விட்டால் முக்கிய ஆதாரமே போச்சு. தொடை எலும்புப் பாகம், கீழ்க்கால் தட்டு, நடுவிலுள்ள பிளாஸ்டிக் மூன்றையும் தனித்தனியாக லேபிள் ஒட்டி, படம் எடுத்து, சீல் வைத்துத் தரும்படி முன்கூட்டியே சர்ஜனுக்கும் மருத்துவமனைக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட வேண்டாம் என்றும் எழுதுங்கள், சூட்டில் உருமாறிவிடும். கம்பெனிப் பிரதிநிதி ஆய்வுக்கென்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, கிருமித் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும். தொற்றால்தான் தளர்ந்தது என்பதே நிறுவனத்தின் முதல் வாதமாக இருக்கும். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள், மூட்டு நீர் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), ஆபரேஷனின்போது எடுக்கும் திசுவின் கல்ச்சர் எல்லா முடிவுகளையும் வாங்கி வையுங்கள். நிற்க வைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்கும் எக்ஸ்ரேயும் ரிவிஷனுக்கு முன்பே வேண்டும், பொருத்திய கோணம் சரியா என்று பார்க்க.

இம்ப்ளான்ட் ஸ்டிக்கரில் இருக்கும் லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண்) கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம் 2021-22-இல் முழங்கால் பிளாஸ்டிக் பாகங்களைத் திரும்பப் பெற்றது. அவற்றை அடைத்த பைகளில் ஆக்ஸிஜனைத் தடுக்கும் ஓர் அடுக்கு விடுபட்டிருந்தது. ஆக்ஸிஜன் பட்டால் அந்த பிளாஸ்டிக் நலிந்து சீக்கிரம் தேயும். இந்த மாதிரிக் குறை எக்ஸ்ரேயில் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டிக்கர் எதுவும் இல்லையே?

பதில் 3:
மருத்துவமனை வைத்திருக்கும் கேஸ் ஷீட்டில் (சிகிச்சைப் பதிவேடு), ஆபரேஷன் நோட்ஸ் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். முழு நகல் கேட்டு இன்றே எழுதிக் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். ஆனால் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம்தான் ஆவணங்களை வைத்திருக்கும் கடமை. உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம். பில்லையும் பாருங்கள். 2017 ஆகஸ்டில் வந்த விலை உச்சவரம்பு ஆணைப்படி இம்ப்ளான்டின் விலையும் பிராண்டும் பேட்ச் எண்ணும் அதில் தனியாக இருக்க வேண்டும்.

பாகங்களை நீங்களாகப் பிரித்துச் சோதிக்கக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் ஆணையமே சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை நீங்கள் முன்கூட்டிக் கட்ட வேண்டும். மருத்துவச் சாதனப் பாதிப்புகளைப் பதியும் 1800-180-3024 என்ற எண்ணிலும் ரிவிஷனுக்கு முன்பே தகவல் கொடுத்துவிடுங்கள்.