கருவாட்டுத் தொக்கு: ருசி பார்க்க ஆள் வேண்டும், ஆலோசனையும்

வணக்கம். காசிமேட்டில் எங்கள் மகளிர் குழு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறது. ருசி பார்க்கிற எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். ஆனால் மூடியைத் திறந்ததும் சிலர் முகம் சுளிப்பதும், சிலருக்கு அம்மா வீட்டு நினைவு வருவதும் அந்தப் பதிலில் தெரிவதே இல்லை. எவ்வளவு பிடித்தது என்று 1 முதல் 9 வரை மதிப்பிடச் சொல்லும் 9 புள்ளி அளவுகோலும் பிடித்ததா, இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு உணவு என்னென்ன உணர்ச்சிகளைக் கிளப்புகிறது என்று கேட்க 2010இல் வந்த எஸ்சென்ஸ் புரொஃபைல் என்ற கேள்வித்தாளில் 39 உணர்ச்சிச் சொற்கள். அத்தனைக்கும் நம் ஆட்களுக்குப் பொறுமை இருக்காது. சுருக்கமாகக் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

முதலில் லேபிள் இல்லாமல், மூன்று இலக்க எண் மட்டும் ஒட்டிய கிண்ணத்தில் கொடுத்து, அப்புறம் லேபிளோடு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். சரியா?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் ருசி பார்க்க வந்தால் பெரிய உதவி. கருவாடு பிடிக்காதவர்களும் கட்டாயம் வாருங்கள். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் வேண்டாம்.