சீரமைப்பு என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள்; கொடுக்கலாமா?

கேள்வி:
மருந்து நிறுவனம் ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக மதுரைப் பகுதி மெடிக்கல் ரெப்பாக வேலை பார்க்கிறேன். இதய மருந்துகளுக்கும் சர்க்கரை நோய் மருந்துகளுக்கும் தனித்தனியே இருந்த டிவிஷன்களை இப்போது ஒன்றாக்கியதில், ஒரே ஊருக்கு இரண்டு ரெப் எதற்கு என்று சொல்லி, மூன்றாண்டுகளுக்கு முன் சேர்ந்தவரை வைத்துக்கொண்டு என்னை விலகச் சொல்கிறார்கள். மாதாந்தரக் கூட்டம் என்று விடுதிக்கு அழைத்து, ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். தேதி போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. கையெழுத்திட்டால் இரண்டு மாதச் சம்பளம், அதாவது 84,000 ரூபாய் தருவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பதில் 1:
கையெழுத்திடாமல் வந்தது நல்லது. ராஜினாமா செய்தால் நீங்களாக விலகியதாகிவிடும். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. அவர்களே ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ தருவதோடு, பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும். உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 2,31,000 ரூபாய். பணிக்கொடை இரண்டு வகையிலும் உண்டு. அதைச் சலுகை போலப் பேசினால் நம்பாதீர்கள்.

பதில் 2:
ரெப் 'தொழிலாளர்' அல்லர் என்று சாண்டோஸ் மருந்து நிறுவன வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே? அப்படியானால் இந்த இழப்பீடு அவருக்குப் பொருந்துமா?

பதில் 3:
அந்தத் தீர்ப்பைப் பாதி மட்டும் காட்டி நிறுவனங்கள் பயமுறுத்துவது வழக்கம். தொழில் தகராறு சட்டத்தின் பாதுகாப்பை ரெப் போன்ற விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கும் நீட்டிக்கவே 1976ஆம் ஆண்டின் தனிச்சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே அவர்களைச் சேர்த்திருக்கிறது. ஏரியா மேனேஜர் நிலை வேறு. அவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. அதை மீறுவதானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சங்கத்தின் வழியாகத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு கொடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நேற்றிலிருந்து டேப்லெட்டில் தினசரி அறிக்கை அனுப்பும் செயலி திறக்கவில்லை.

பதில் 3:
எதிர்பார்த்ததுதான். வேலைக்கு வரவில்லை என்று நாளை எழுதுவார்கள். வழக்கம்போல டாக்டர்களையும் மருந்துக் கடைகளையும் பாருங்கள். அன்றன்று பார்த்தவர்களின் பட்டியலை இரவே மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.